திங்கட்கிழமைப் புகார்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் போய், "உங்க தண்ணி ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிப்போகும். "நல்லா இருக்குன்னா? வாசனையே இல்லையா? எந்தக் குழாய்ல பிடிச்சீங்க, எப்போ பிடிச்சீங்க?" என்று போலீஸ்காரர் தோற்கும்படி விசாரிப்பார். "நாறுதுய்யா உன் தண்ணி" என்று திட்டுங்கள், மனுஷன் குளிர்ந்துபோவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவருக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக் குழாய்களைச் சோதிக்கப் போய்ப் போய், பிள்ளைகள் வாயில் அவர் குளோரின் மாமா ஆகிவிட்டார். அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்தும் இடத்தில் இவருக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். எந்தச் சட்டையைப் போட்டாலும் வயிற்றுப் பக்கம் மருந்து தெறித்து வெளுத்த புள்ளிகள். "புதுச் சட்டைய ஒரே வாரத்துல பழசாக்குறதுல இவர அடிச்சுக்க ஆளே கிடையாது" என்பார் அவர் மனைவி.

ஒன்பது குடிநீர்த் திட்டங்கள் அவர் தலையில். ஆற்றிலிருந்து இரண்டு, ஏரியிலிருந்து இரண்டு, ஆழ்துளைக் கிணறுகள் நான்கு, மலையடியில் ஓர் ஊற்று. ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும். படிகாரம் போட்டு அழுக்கைத் திரளவைத்து, தொட்டியில் அடியில் உட்காரவைத்து, மணல் வழியாக வடிகட்ட வேண்டும். ஏரித் தண்ணீர் வெயில் ஏறினால் பச்சை பிடித்துக்கொள்ளும். ஆழ்துளைத் தண்ணீரில் இரும்பு. அதைக் காற்றுப் படும்படி மேலிருந்து கொட்டி, துருவாக்கி, பிறகு பிரிக்க வேண்டும். ஊற்றுத் தண்ணீர் மட்டும் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். அவர் கொஞ்சமும் நம்பாதது அதைத்தான். "சத்தம் போடுறவங்கள சமாளிச்சுடலாம். சும்மா இருக்கிறவங்க மேலதான் ஒரு கண்ணு வைக்கணும்" என்பார்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் கடைசியில் குளோரின் உண்டு. அது நிலையத்தில் கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது; குழாயில் போகும் தண்ணீரோடு கடைசி வீடு வரை காவலுக்கும் போக வேண்டும். கூடினால் ஜனங்கள் திட்டுவார்கள். குறைந்தால் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும், யாரும் திட்ட மாட்டார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

நான் அங்கே பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்; மாமா என்னைக் கூப்பிடுவதே 'லேப்' என்றுதான். ஆள் பற்றாக்குறையில் புகார் போனையும் என் மேஜையில் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அது அடித்தால், எடுக்காமலே யார் என்று சொல்லிவிடுவேன். மாமாவின் அக்கா. முதல் ஆற்றுத் திட்டத்தில், நிலையத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, குழாய் முடிகிற கடைசி வீடு அவருடையது.

"ஏம்மா, உங்க ஆபீசுல ஒருத்தன் இருக்கானே, என் தம்பின்னு வெளிய சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. தண்ணியா இது? பாத்ரூம் கழுவுற மருந்துகூட இதவிட மணமா இருக்கும். எழுதிக்கோ."

எழுதிக்கொள்வேன். பதிவேட்டில் கடைசிக் கட்டம், 'எடுத்த நடவடிக்கை'. அதில் வாராவாரம் 'பரிசீலனையில்' என்று எழுதிவிட்டு மாமாவைப் பார்ப்பேன். அவர் காது வரை சிரிப்பார். "அங்க வரைக்கும் போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம். அவ மூக்கு இருக்கே, உன் மெஷினெல்லாம் பிச்சை வாங்கணும்."

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அக்காவின் மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்து தங்கினாள். அந்தத் திங்கட்கிழமை போனில் திட்டு இல்லை, கெஞ்சல். "தம்பிகிட்ட குடும்மா" என்றார். கொடுத்தேன். "டேய், பேரப்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான்டா. உன் மருந்து நாத்தம்தான். எனக்காக வேண்டாம், அந்தப் புள்ளைக்காகக் கொஞ்சம் குறையேன்."

குளோரின் மாமாவை வளர்த்தவர் அந்த அக்கா. அதிகாரிகள் சொல்லிக் கேட்காத மனுஷன், குழந்தை என்றதும் உருகிவிட்டார். நிலையத்துக்குப் போய் மருந்து செலுத்தும் பம்பின் திருகை ஒரு கோடு குறைத்தார். கடைசி வீட்டில் இருக்க வேண்டிய அளவைவிட அப்போதும் ஒரு மயிரிழை கூடத்தான் இருந்தது, விதியை மீறவில்லை. அந்த வாரம் மட்டும் பதிவேட்டில், 'அளவு குறைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

புதன்கிழமை மாலை மலையில் பெருமழை. வியாழன் காலை மாமா நிலையத்துக்குப் போனபோது ஆறு இன்னும் தெளிவாகவே இருந்தது. எல்லாம் சரி என்று ஆழ்துளைக் கிணற்றுப் பக்கம், பழுதான ஒரு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். மதியம் போன் அடித்தது. வியாழக்கிழமை அக்காவா என்று எனக்கே ஆச்சரியம்.

"ஏம்மா, இன்னைக்குத் தண்ணி என்னமா இருக்கு! ஒரு வாசனை இல்ல. இப்பத்தான் என் தம்பி வேலை கத்துக்கிட்டான்னு சொல்லு."

எனக்கும் தலைகால் புரியவில்லை. உடனே மாமாவை அழைத்தேன். "மாமா, இனிப்பு வாங்கி வைங்க. உங்க அக்கா உங்களப் புகழ்ந்துட்டாங்க!"

மறுமுனையில் டப்பா ஒன்றைத் தள்ளிவைக்கும் சத்தம். பிறகு, "எப்போ சொன்னா?" என்றார். "இப்பத்தான்." "சுத்தம் பண்ணின பாட்டில் மூணு எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு, லேப். அவகிட்ட யாரும் குடிக்க வேண்டாம்னு சொல்லு." இருபது நிமிடத்தில் வேன் வந்து நின்றது. இருக்கையில் திறந்த சாப்பாட்டு டப்பா, ஒரு வாய்கூடக் குறையாமல்.

அக்கா வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, கண்ணாடிக் குழாயில் மாத்திரையைப் போட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். குலுக்கினார், சன்னலுக்கு நேராகப் பிடித்தார், மறுபடி குலுக்கினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.  காலையில் அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு, மழை கழுவிக் கொண்டுவந்த அழுக்கெல்லாம் ஆற்றில் இறங்கி, இருந்த குளோரினை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டது. குறைக்காமல் விட்டிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

"புள்ள குடிச்சானா?" என்று கேட்டார்.  அக்கா தொட்டிலைத்தான் பார்த்தார். மகள்தான் பதில் சொன்னாள். "இல்ல மாமா. நாத்தம் போயிடுச்சேன்னு இன்னைக்கும் குடுத்துப் பாத்தோம். அதே மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அவனுக்குத் தண்ணியே ஆகாதுபோல."

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகைதான் வந்தது.

நிலையத்துக்குப் போய்த் திருகை ஏற்றிவிட்டு, குழாயில் நின்ற தண்ணீரை வெளியேற்றக் கடைசி வால்வைத் திறந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று கதவுகளைத் தட்டினோம். ஒவ்வொரு கதவிலும் அதே வார்த்தை: "மருந்த நான் குறைச்சேன். அது தப்பாப் போச்சு. ரெண்டு நாளைக்குத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க."

"மாமா, மழைனால வந்ததுன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு வலியப் போய் மாட்டிக்கிறீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"மழை மேல பழியப் போட்டா, நாளைக்கு இன்னொருத்தர் குறைக்கச் சொல்லிக் கேப்பாங்க. நானும் குறைப்பேன்."

சிலர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்கள். தெருவின் எதிர்ப்புறத்தில் இன்னொரு குரல் கேட்டது. அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் பேச்சக் கேட்டுத்தான் குறைச்சான், திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க, முதல்ல அடுப்பப் பத்தவைங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்.

வழியில் இரண்டு இடத்திலும் அக்கா வீட்டிலும் பிடித்திருந்த மூன்று பாட்டில்களையும், கிருமி இருந்தால் வளர்ந்து நிறம் காட்டட்டும் என்று அன்றே மருந்து கலந்து சூடான பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் இரண்டு அப்படியே இருந்தன. அக்கா வீட்டு பாட்டில் மட்டும் மஞ்சளாகியிருந்தது, கிருமி இருந்திருக்கிறது. மாமா அதை வெகுநேரம் பார்த்தார். நல்லவேளை, அந்தத் தெருவில் யாருக்கும் வயிறு கலங்கவில்லை. சனிக்கிழமை எடுத்த பாட்டில்கள் மூன்றும் சுத்தமாக வந்தன. மேலதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு மாமா இரண்டே வரியில் பதில் எழுதினார், எச்சரிக்கை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணி. போன் அடிக்கவில்லை. பத்தரைக்கும் இல்லை. மாமா என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டேப்ளரைத் தேடுகிறாராம், அது அவர் கையிலேயே இருந்தது. பதினொரு மணிக்குப் பொறுக்க முடியாமல் அவரே எண்ணைச் சுழற்றி, நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்டா. என் வாயாலதானே இவ்வளவும் வந்துது."

"நீ வாய மூடிக்கிட்டா எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒம்பது திட்டத்துலயும் நான் கண்ண மூடிக்கிட்டு நம்புறது உன் மூக்க மட்டும்தான். நீ திட்டு. நான் குறைக்க மாட்டேன். அவ்வளவுதான்."

 அங்கே குழாய் திறக்கும் சத்தம், டம்ளர் நிரம்பும் சத்தம், ஒரு மடக்கு.

"தூ! நாறுதுடா. குடல் வரைக்கும் நாறுது. எழுதிக்கச் சொல்லு அந்தப் பொண்ண."

நான் ஏற்கெனவே பதிவேட்டைத் திறந்திருந்தேன். கடைசி வீடு, குளோரின் நாற்றம் என்று எழுதிவிட்டு, "எடுத்த நடவடிக்கைல என்ன மாமா போட?" என்று கேட்டேன்.

அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மணி பதினொன்றேகால்தான்.

"ஒண்ணும் எடுக்கலைன்னு போடு."