மிஸ்ஸியம்மா பந்தியில் உட்கார்ந்த கிறிஸ்துமஸ்

மார்கழியில் குற்றாலத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஆடியில் லீவு கிடைக்காத பள்ளிக்கூட வாத்தியார் வேறு எப்போது போவதாம்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை திருநெல்வேலியில் ரயில் ஏறி, மத்தியானத்துக்குள் தென்காசியில் இறங்கினேன். அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல். குதிரை வண்டிக்கு ஆறணா. வண்டிக்காரர் பெயர் ஏசுவடியான்.

அருவியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறைதான். செக்கச்செவேலென்று வெள்ளம், கட்டையும் கல்லுமாக விழுந்துகொண்டிருந்தது. "இதுல தலைய நீட்டுனா முண்டம் மட்டுந்தான் ஊரு போயிச் சேரும் சார்" என்றார் ஏசுவடியான். சத்திரமும் பூட்டிக் கிடந்தது. "எங்க ஊருக்கு வாங்க. நாளைக்குப் பண்டிகைல்லா" என்று வண்டியைப் பண்பொழிப் பாதையில் திருப்பிவிட்டார்.

வயல் கூலிகள் குடியிருக்கும் சின்ன ஊர் அது. ஓலை வேய்ந்த கோயில், பக்கத்தில் ஓட்டு வீடு. அங்கே இருந்தவர் கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஊர் அவரை மிஸ்ஸியம்மா என்றது. நான் போனபோது ஒருத்தியின் காலைக் கழுவிக்கொண்டே, "ஏட்டி, புண்ணுல சாணிய வைக்காதேன்னு எத்தன தடவ சொல்லுதேன்!" என்று வைதுகொண்டிருந்தார். அசந்துபோனேன். காலையில் மருந்து, பகலில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் வீடு வீடாக நோயாளிகள். அன்று பொழுது சாயும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அந்த வருஷம் அடைமழையில் பயிர் அழுகிவிட்டது, வேலை கிடையாது. இருந்தும் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சாமிக்கென்று தனிப்பானையில் போட்டு வந்தார்கள். அதைக் கோயிலில் சேர்த்துக் கிறிஸ்துமஸ் அன்று பொங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் போடுவது வழக்கம். அசனம் என்பார்கள். பட்டினி கிடக்கும் சனத்துக்கு விருந்தென்ன என்று மிஸ்ஸியம்மா அந்த அரிசியை முந்தின வாரமே வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் ஊரே செத்த வீடு மாதிரி இருந்தது.

"வருசம் பூரா அடுத்தவுக கிட்ட கையேந்துதோம் சார்" என்றாள் ஏசுவடியானின் மனைவி ஞானம்மாள். "ஒரு நாளுதான் எங்க கையால நாலு பேருக்குப் போடுவோம். அதையும் பிடுங்கிட்டாக. புள்ளைகள சாவுலருந்து மீட்ட அம்மாகிட்ட எப்படிச் சொல்ல?" அவள் வீட்டில் அந்த அரிசியை இன்னும் தொடவே இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து மிஸ்ஸியம்மா வெளியே வந்தார். ஞானம்மாள் வாசலில் பாயை விரித்து, தன் பங்கை அதில் கொட்டினாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்து கொட்டினார்கள். சிலரிடம் பாதிதான் மீந்திருந்தது.

"பசியோட இருக்கீங்களே, ஞானம்மா!"

"பசிதான் அம்மா. அதுக்காவ விருந்தாளிய வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?"

மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஐயோ, கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனவர் பெரிய அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

சோறும் பூசணிக்காய்க் குழம்பும். எங்கள் வீட்டில் தெரிந்தால் தலைமுழுகச் சொல்வார்கள். சொல்லட்டுமே, குளிக்கத்தானே வந்தேன் என்று பந்தியில் உட்கார்ந்தேன். வருஷாவருஷம் பரிமாறுகிற மிஸ்ஸியம்மா அன்றும் கரண்டியை எடுத்தார். ஞானம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். "நீங்க இன்னிக்கு உக்காரணும்." அவர் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாதி சாப்பாட்டில், "இன்னும் கொஞ்சம் போடு, ஞானம்மா" என்றார். கரண்டியோடு நின்றவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

போகிறவர்களுக்கு: குளிக்க வேண்டுமானால் ஆனி, ஆடியில் போங்கள். மார்கழியில் கம்பளி அவசியம், குடையும் வேண்டும். சாயங்கால ரயிலைப் பிடிக்கிறவர்கள் குற்றாலத்தில் மூன்று மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள். பண்டிகைக்கு அந்தப் பக்கம் போனால் தானம் செய்கிறேன் என்று எதையும் சுமந்துகொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு போய், போட்டதைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.