அப்டியே தெக்கால

முகத்துவாரக்குப்பத்தில் எந்தப் படகுக்காரரும் மீன் பட்ட இடத்தை வாய் திறந்து சொல்லமாட்டார். மலரின் அப்பா மனோகரன் அதில் கெட்டிக்காரர். வடக்கே போய் வலை போட்டுவிட்டு வந்து, கேட்டவனிடம் தாடையைத் தூக்கி, "அப்டியே தெக்கால" என்பார். பொய் என்று கேட்டவனுக்கும் தெரியும். நாளைக்கு அவனும் அதையேதான் சொல்லப்போகிறான்.

அந்த வீட்டுப் பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதினால் எப்படி எழுதுவாள்?

எழுதியதை யாருக்கும் காட்டாத மலரின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. எம்.ஏ. படிக்கும்போது சீனியர் ரஞ்சித் "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிப்போன அவளுடைய கட்டுரை, ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் அவன் பெயரில் வந்தது. எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "ஒரே மாதிரி யோசிச்சிருக்கோம் போல" என்றான். அன்றிலிருந்து அவள் பிரவுசிங் சென்டரில் அழித்த கோப்பை மறுபடி அழிப்பாள். வெளியே வந்த பிறகும், அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள்.

இப்போது அவள் கையில் நல்ல விஷயம் ஒன்று சிக்கியிருந்தது. கழிமுகத்தில் மண் மேடிட்ட பிறகு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு இடம் சுருங்கிப்போனது. யார் எந்தப் பக்கம் இறங்குவது என்பதை அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டு, சண்டை பிடித்து, முடிவு செய்தார்கள். அம்மா புஷ்பவல்லியும் அந்தக் குழுவில் இருந்தாள். இதைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அதனாலேயே மலரும் எழுதவில்லை.

அவள் கொடுத்த தலைப்பு: "வடசென்னைக் கடலோர மீனவப் பெண்களின் வாழ்வாதாரச் சிக்கல்கள்: ஓர் ஆய்வு."

பேராசிரியர் ஃபாத்திமா கண்ணாடியைக் கழற்றினார். துறையில் அந்த ஆண்டு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. போன ஆண்டு நேர்காணலில் மலரைக் கழித்துவிட்டிருந்தார்கள்.

"எந்தக் கடலோரம்மா? ராயபுரமா, எண்ணூரா?"

"எல்லாமேதான் மேடம்."

"எந்தப் பெண்கள்? ஏலம் எடுக்கிறவங்களா, கருவாடு போடுறவங்களா?"

"எல்லாரும்..."

"இதைப் படிச்சா உனக்குக் கடல் எந்தப் பக்கம்னே தெரியாதுன்னு நினைப்பாங்க. கேள்வியே இல்லையே! வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு முன்னால இதை வச்சா சீட்டு கிடையாது. நாளைக்குள்ள மாத்தி அனுப்பு. பிடிஎஃப் வேணாம், வேர்டுல அனுப்பு."

வேர்டில் எதற்கு? திருத்தவா, இல்லை நகலெடுக்கவா? அடுத்த மேசையில் ரஞ்சித் தலை நிமிராமல் எதையோ எழுதுவதுபோல் குனிந்திருந்தான். அவனும் இப்போது ஃபாத்திமாவின் மாணவன்தான். அவ்வளவு நேரமாக ஒரு வரிகூட அவன் பேனாவிலிருந்து இறங்கவில்லை என்பதை மலர் கவனித்தாள்.

"இன்னாடி, மூஞ்சி தொங்கிகினு கீது?" என்றாள் வீட்டில் புஷ்பவல்லி.

"எல்லாத்தையும் எழுதணுமாம்மா."

"எழுதாத. போன தபா சர்வேன்னு கழுத்துல அட்டைய மாட்டிகினு வந்தாங்களே, எங்க எறங்குறீங்க, எத்தினி பேருன்னு கேட்டுகினு போனாங்க. ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா?"

வாசலில் அப்பாவை லட்சுமணன் மடக்கியிருந்தார். பக்கத்துப் படகுக்காரர்.

"இன்னா மாமு, இன்னிக்கு எங்க பட்டுச்சு?"

"அப்டியே தெக்கால."

"உன் தெக்கு இலங்க வரிக்கும் போவுதே!"

மலர் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வடசென்னைக் கடலோரம், மீனவப் பெண்கள், வாழ்வாதாரம்... பக்கம் பக்கமாக அவளும் அதைத்தானே எழுதியிருந்தாள்? ஆனால் அப்பா மறைக்கலாம்; மீன் படகில் கிடக்கிறது. அவள் படகோ இன்னும் கரையில் நிற்கிறது. எங்கே போகிறாய் என்று சொல்லாதவளுக்கு யார் துடுப்பைக் கொடுப்பார்கள்?

"அம்மா, எடத்து பேரு எதையும் எழுத மாட்டேன். எப்டிப் பிரிச்சுக்கிறீங்கன்னு மட்டும் எழுதட்டா?"

புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினாள். "பேரு வெளிய வந்துச்சுன்னா குழுவுலர்ந்து தூக்கிருவாங்க."

"நான்தான் குழுவுலயே இல்லியே!"

"என்னத் தூக்குவாங்கடி!"

அது சம்மதம்தான் என்று மலர் எடுத்துக்கொண்டாள். சுருங்கிப்போன நீரில் இடத்தைப் பங்கிடும் முறையை இந்தப் பெண்கள் எப்படி உண்டாக்கினார்கள்? இந்த ஒரு கேள்வியை முதல் பக்கத்திலேயே வைத்தாள். யாரிடம் பேசுவாள், எதைக் கேட்பாள், அவர்கள் பேச மறுத்தால் என்ன செய்வாள் என்பதையும் எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரைப் போட்டு, வேர்டிலேயே அனுப்பினாள்.

மறுநாள் ஃபாத்திமா, "ரஞ்சித், போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவன் போனதும் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருக்காவது அனுப்பினியா?"

மலர் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அதைச் சொன்னால் திருடுவது சுலபமாகிவிடுமே; அவள் தாடை தானாக உயர்ந்தது. "அப்டியே... நாலஞ்சு பேருக்கு அனுப்பி வச்சிருக்கேன் மேடம்."

"நானும் காசிமேட்டுல மீன் வாங்கித் தின்னவதான்மா. இந்தத் தாடையெல்லாம் நிறைய பாத்தாச்சு." ஃபாத்திமா சிரிக்கவில்லை. "இப்பவே என் கண்ணு முன்னால தேர்வுக் குழுவுல இருக்கிற மூணு பேருக்கும் அனுப்பு. தேதியோட கிடக்கட்டும். அப்புறம் எவனும் வந்து ஒரே மாதிரி யோசிச்சேன்னு சொல்ல முடியாது."

மலர் அனுப்பினாள். மூன்றும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளைக் கேள்விகளால் துளைத்தார்கள். அந்த ஒரு இடம் அவளுக்கே கிடைத்தது. குப்பத்து முனையில் லட்சுமணன் பிடித்துக்கொண்டார்.

"சீட்டு கெட்ச்சிருச்சாமே! அப்டி இன்னாம்மா எழுதின?"

மலர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்டியே... தண்ணியப் பத்தி, மாமா."