எஞ்சின் சத்தத்தை அழித்ததற்கு ஒரு பரிசு

நீங்கள் எங்கள் காதை அடைத்தீர்கள். காசு கொடுத்து, ஆள் வைத்து அடைத்தீர்கள்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் யார் அந்த நீங்கள் என்று சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஆடியோ, வீடியோ மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் திருத்தலாம். அதை நடத்துகிற குழு, இன்ன குறையைச் சரிசெய்து கொடுப்பவருக்கு இவ்வளவு பணம் என்று அவ்வப்போது பரிசு அறிவிக்கும். அப்படி ஒரு அறிவிப்பில் கேட்டிருந்தார்கள்: பேச்சைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது. காற்று, தண்ணீர், எந்திரம், எல்லாம் போய்விட வேண்டும். யாரோ ஒருவர் செய்து கொடுத்துப் பணம் வாங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதைச் செய்தார். கேட்டது நீங்கள்.

நான் குமரி மாவட்டத்தில் இனயம் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாணம், திருவிழா, அடக்கம் எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டுவது என் தொழில். இந்த மென்பொருளை வைத்துத்தான் காட்டுகிறேன். என் வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் வளாகத்தில் ஒரு சின்ன அறையில் வயர்லெஸ் செட் இருக்கிறது. கடலில் வள்ளக்காரர்கள் பேசுவது அதில் கேட்கும். முன்பெல்லாம் பெண்கள் அந்த அறை வாசலில் கூட்டமாக நிற்பார்கள். நான்தான் செட்டை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, இந்த மென்பொருளைப் போட்டு, அவரவர் போனில் கேட்கும்படி செய்தேன். மீன் கழுவிக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே கேட்கலாம். பக்கத்து இரண்டு ஊர்க்காரர்களும் வந்து பார்த்துவிட்டு அதேபோல் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலில் என்ன நடந்தாலும் எங்கள் ஆண்கள் வயர்லெஸில் கெட்டது சொல்லமாட்டார்கள். வலை கிழிந்தாலும், கை அறுபட்டாலும், "ஒண்ணுமில்ல, வந்துட்டிருக்கோம்" என்பார்கள். ஊர் முழுக்கக் கேட்கிறதே, அம்மா கேட்பாள், பிள்ளைகள் கேட்பார்கள் என்று. அது எங்களுக்கும் தெரியும். அதனால் அவர்கள் பேசுவதை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. பேச்சுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறதா, இருமுகிறதா, நின்றுவிட்டதா. தண்ணீர் வள்ளத்தின் முன்பக்கம் அடிக்கிறதா, பக்கவாட்டில் அடிக்கிறதா. எங்களுக்குச் சேதி அதுதான். உங்களுக்கு அது இரைச்சல்.

அந்தப் பரிசு மாற்றத்தோடு மென்பொருளின் புதிய பதிப்பு தானாகவே வந்து கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டது. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பக்கத்து வீட்டு அக்கா போனைக் காதில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, என் மாப்பிள இப்பதான் பல்லு தேச்சிட்டுப் பேசுன மாதிரி இருக்கு."

"நல்லா கேளுங்கக்கா. பீடி மணம் மட்டும் வராது" என்றேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் காற்று திடீரென்று மாறியது. கரையில் நின்ற தென்னையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. போயிருந்த வள்ளங்கள் பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் போன வள்ளம் வரவில்லை. போனில் அவர் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக.

"ஒண்ணுமில்ல, வந்துட்டிருக்கோம்."

அந்தச் சுத்தமான குரலில் நான் மயங்கிப்போனேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். தேடிப் போகலாமா என்று கேட்ட ஆட்களிடம், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இருட்டிவிட்டது. வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. போனில் சத்தமே இல்லை. முன்பு யாரும் பேசாதபோதும் ஒரு ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் இருக்கும். செட் உயிரோடு இருக்கிறது என்று அதை வைத்துத் தெரியும். இப்போது அதுவும் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது. இந்தக் கரை ஏற்கெனவே ஒரு புயலில் ஆட்களைக் கொடுத்த கரை. அடக்கம் செய்ய உடல் கிடைக்காத வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன.

அவருடைய தம்பி ஓடி வந்தான். அன்றைக்கு முதலாவதாகக் கரை ஏறியவன் அவன்.

"மைனி, அண்ணன் பேசுனப்போ எஞ்சின் கேட்டியளா?"

எஞ்சின் ஓடினாலும் எனக்குக் கேட்டிருக்காது, நின்றாலும் கேட்டிருக்காது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு பேரும் கோயில் அறைக்கு ஓடினோம். மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தேன். 'பேச்சைச் சுத்தப்படுத்து' என்று புதிதாக ஒரு கட்டம். நாங்கள் யாரும் தொடாமலே அதில் டிக் விழுந்து கிடந்தது. எடுத்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் கொட்டியது. செட்டின் மைக்கைப் பிடித்து அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை பதில் வந்தது.

"ஒண்ணுமில்லட்டி. வந்துட்டிருக்கோம்."

பின்னால் எஞ்சின் இல்லை. பக்கவாட்டில் தண்ணீர் அறைகிற சத்தம் மட்டும். பளார், பளார் என்று.

"எஞ்சின் கேக்கல்ல" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்ம கேப்பா ட்டி."

"கேக்கட்டும். எங்க கெடக்கிய?"

"எஞ்சின் போயாச்சு. நங்கூரமும் அத்துப்போச்சு. மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்கு நேரே தண்ணி போக்குல ஒழுகிட்டுப் போறோம். செட்டுல சார்ஜ் தீரப் போவு..."

அத்தோடு நின்றது. மறுபடி கூப்பிட்டேன், கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். தம்பி அதற்குள் வெளியே ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எச்சில் கையோடு எழுப்பிக்கொண்டு போயிருந்தான். இரண்டு வள்ளம் தள்ளினார்கள். நான் மைக்கை விடாமல் அங்கேயே இருந்தேன். மாமியார் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நெஞ்சுவலி உண்டு. அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. வள்ளம் பாறையில் மோத இன்னும் கொஞ்சந்தான் பாக்கி என்று தம்பி சொன்னான். நான் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்லாமல் இருந்திருந்தால் வெளிச்சத்திலேயே போயிருப்பார்கள்.

இன்றைக்கும் அவர் கடலுக்குப் போனால், குரல் கொஞ்சம் தெளிவாக வந்தாலே அறைக்குப் போய் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அடுத்த பதிப்பு வந்தபோது டிக் மறுபடியும் தானாக விழுந்திருந்தது. அன்றைக்கு நான் பார்க்காமல் இருந்திருந்தால்?

பக்கத்து இரண்டு ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். எங்களைப் பார்த்து வேறு எந்தக் கரையில் யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கரைப் பெண்கள் சுத்தமான குரலைக் கேட்டுக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் இணையப் பக்கத்தில், குறைகளை எழுதும் இடத்தில், நடந்ததை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். ஒரு வரி பதில் வந்தது. இது பிழை இல்லை, பரிசு அறிவிப்பில் கேட்டபடியே வேலை செய்கிறது என்று. அத்தோடு வேறு யாரும் எழுத முடியாதபடி அந்த உரையாடலைப் பூட்டிவிட்டீர்கள். பிறகு தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வருத்தம் என்றீர்கள். எனக்குத் தனியாக வருத்தம் சொல்லி யாருக்கு என்ன பயன்?

பூட்டியதைத் திறங்கள். எல்லாரும் படிக்கிற அந்த இடத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். பேச்சைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று முடிவு செய்தது யார்? பணம் கொடுக்கும் முன் கடலோரத்தில் ஒரு ஆளிடமாவது கேட்டீர்களா? தானாக விழும் அந்த டிக்கை எடுப்பீர்களா, மாட்டீர்களா? எழுதுங்கள்.