எலியாவுக்குத் திறந்த கதவு

எழுமலை உக்கிரபாண்டி அண்ணனுக்கு நான் நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். பரவை மார்க்கெட்டில் என் வெங்காயக் கடை எழுந்ததே அந்தப் பணத்தில்தான். பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. நாலாம் வகுப்போடு நின்று, மூட்டை தூக்கி வளர்ந்தவன் நான். இன்று என் கடையில் பதினோரு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவன் என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

ஐந்து வருடம் முன்பு மொத்தப் பணத்தையும் இன்பசேகரனிடம் கொடுத்தனுப்பினேன். எழுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் கிளார்க். முப்பது வருடச் சிநேகிதம். என் கடிதம், பேங்க் பாரம் எல்லாம் அவன்தான் எழுதுவான். குடுத்துட்டேண்ணே என்றான். நம்பினேன். கொடுத்துத் தீர்த்த இடத்தில் எனக்கென்ன வேலை என்று எழுமலைப் பக்கமே போகவில்லை.

இந்த வருடம் பெரிய வியாழனன்று மருமகள் ஹெப்சிபா வீட்டில் பஸ்கா விருந்து வைத்தாள். யூதர் வீடுகளில் செய்கிற மாதிரியே வேண்டும் என்று புளிக்காத ரொட்டி, ஆட்டுக்கறி, கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து, அதை முக்க உப்புத் தண்ணீர். எலியா தீர்க்கதரிசிக்காக ஒரு நாற்காலி காலி. இன்பசேகரனை என் வலது பக்கம் உட்காரவைத்தேன். எகிப்தில் அடிமைப்பட்டவர்கள் விடுதலையான கதையை மகன் ஜெய்சன் வாசித்தான். அவன் முடித்ததும், கடனிலிருந்து நான் விடுதலையான கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். இன்பசேகரன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எலியா உள்ளே வர வாசல்கதவைத் திறக்க வேண்டுமாம். ஹெப்சிபா திறந்தாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று உக்கிரபாண்டி அண்ணன் நின்றிருந்தார்.

"மாமா, எலியா துண்டு போட்டு வந்திருக்காரு."

எல்லோரும் சிரித்தோம். காலி நாற்காலியில் அவரை உட்காரவைத்து ரொட்டி வைத்தேன். அவர் தொடவில்லை. மனைவியை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் காலையில் ஆபரேஷன் என்றும் சொன்னார்.

"உன் நெருக்கடி தெரியும் சின்னான். வருசா வருசம் இந்தத் தம்பிகிட்டதான தவணை கேட்டு விடுற. நானும் சரின்னுட்டேன். இப்ப முடிஞ்ச அம்புட்டைக் குடு."

அவர் காட்டியது இன்பசேகரனை. அவன் வேப்பங்கொழுந்தை உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்தான்.

பணம் போனால் சம்பாதிப்பேன். ஐந்து வருடமாக என் பெயரைச் சொல்லி எழுமலையில் பஞ்சப்பாட்டுப் பாடியிருக்கிறானே, அதுதான் நெஞ்சில் குத்தியது.

"மக கல்யாணத்துக்கு எடுத்தேண்ணே. திருப்பி வச்சிரலாம்னு பார்த்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாடா?"

"குடுத்திருப்பீக. குடுத்ததை ஊரெல்லாம் சொல்லியும் இருப்பீக."

உள்ளே போய் பீரோவைத் திறந்து பணக்கட்டை எடுத்துவந்தேன். என் பணத்தை எப்போதும் அவன்தான் எண்ணுவான். பழக்கத்தில் அவன் கை நீண்டது. அதை விலக்கிவிட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் எண்பதையும், ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உக்கிரபாண்டி அண்ணனின் விரித்த கையில் நானே எண்ணி வைத்தேன்.