பத்தில் ஆறு

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோது முதுகின் அடியிலிருந்து ஒரு வலி கிளம்பி, இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து, சற்று நின்று, போய்விட்டது. பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து காத்திருந்தேன். மறுபடியும் வந்தது.

தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் மலேசியாவின் கூலாயில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். முதுகலைப் படிப்பில் ஒரு பருவம் விடுப்பு. கணவர் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்.

வழக்கமாக இருந்தால் அம்மாவை எழுப்புவதில் எனக்குத் தயக்கம் இருந்திருக்காது. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்திருந்தது. நான் இடுப்பில் கை வைத்ததைப் பார்த்து, அம்மா பையைத் தூக்கிக் காரில் போட்டு, என்னை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றார். கணவர் வேலையைப் பாதியில் விட்டு வந்தார். செடெனாக்கில் இருக்கும் சின்னம்மா வரைக்கும் செய்தி போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு தாதி சோதித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே "பெலும் லாகி" என்றார். இன்னும் நேரம் வரவில்லை. அம்மாவும் நானும் காரிலும், கணவர் பின்னாலேயே மோட்டார் சைக்கிளிலுமாக வீடு திரும்பினோம்.

அந்த வெட்கம் அம்மாவிடம் இன்னும் ஆறாமல் இருந்தது. ஆனாலும் போய் எழுப்பினேன்.

"எப்படி வலிக்குது?"

"விட்டு விட்டு வருதும்மா. முதுகுல தொடங்குது."

"விட்டு விட்டுத்தானே? அப்ப சூட்டு வலிலா இது. இரு, சீரகம் போட்டுத் தரேன்."

எங்கள் வீடுகளில் இது ஒரு சோதனை. சீரகத்தை வறுத்து, நீரில் கொதிக்கவிட்டு, பனங்கற்கண்டு கலந்து கொடுப்பார்கள். சூட்டினால் வந்த வலி என்றால் அடங்கிவிடும். பிரசவ வலி என்றால் வலுக்கும். குடித்தேன். வலுத்தது. அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நெசமா வலிச்சா இப்படி நின்னு பதில் சொல்ல மாட்ட. ஒன்னயப் பெத்தப்ப நான் கத்துன கத்துல பக்கத்து வார்டு வரைக்கும் எந்திரிச்சு ஒக்காந்துச்சு. நீ என்னமோ கடையில சாமான் கேக்குற மாதிரி சொல்ற."

இன்னொரு குவளை வந்தது.

கத்துவது எனக்கு வராது. வகுப்பில்கூட எல்லோரும் பேசி முடித்த பிறகு, வாக்கியத்தை மனத்துக்குள் முழுதாக அமைத்துக்கொண்ட பிறகே வாய் திறப்பேன். வலி வரும்போது இன்னும் அமைதியாகிவிடுவேன். கண்ணை ஓர் இடத்தில் நிறுத்தி, மூச்சை இழுத்து, அது போகும்வரை காத்திருப்பேன். அன்று என்னைப் பயமுறுத்தியது வலி அல்ல. நான் சொல்வதை எவரும் நம்பாமலிருக்க, பிள்ளை இந்தச் சமையலறைத் தரையிலேயே பிறந்துவிடுமோ என்பதே என் பயம்.

பத்து மணிவாக்கில், இரண்டு வலிகளுக்கு நடுவில் பல் துலக்கக்கூட நேரம் போதாமல் போயிற்று. பையை நானே எடுத்துக்கொண்டு போய்க் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வாட்டியும் திருப்பி அனுப்புனாங்க, நான் உள்ளாற வரமாட்டேன். கார்லயே ஒக்காந்துக்குவேன். மாப்பிள்ளைக்கும் போன் பண்ண மாட்டேன், சொல்லிட்டேன்."

செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சாலையில் அம்மா நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு மேட்டிலும் நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

மருத்துவமனை முகப்பில் இருந்தவர் ஒரு தமிழ்த் தாதி. களைத்த, அன்பான முகம். "பத்துக்கு எத்தன வலிக்குதும்மா? பத்துன்னா தாங்கவே முடியாது."

நான் யோசித்தேன். வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வலி எதையும் நான் அறிந்ததில்லை. ஆனால் இன்னும் பிள்ளை வெளியே வரவில்லை. இனிமேல்தான் உச்சம் வரப்போகிறது. இப்போதே பத்து என்று சொல்லிவிட்டால் அப்போது சொல்ல எண் எது மிஞ்சும்?

"ஆறு," என்றேன்.

"ஆறா? அப்ப அங்க ஒக்காந்திருங்கம்மா. கூப்புடுறோம்."

அன்று முழுவதிலும் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். சரியாகச் சொல்ல வேண்டும் என்ற முனைப்பில் தவறாகச் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டு வந்தவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். கால்களைச் சேர்த்து வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நேர்காணலுக்கு வந்தவளைப் போல நான் அமர்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

மதியம் கடந்தபோது வலியின் குணம் மாறியது. வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது இப்போது கீழ்நோக்கி அழுத்தத் தொடங்கியது. என் அனுமதி இல்லாமலே உடம்பு எதையோ தள்ளியது. வாக்கியம் அமைக்க நேரமில்லை. எழுந்தேன். பை கீழே விழுந்தது. கூடத்தின் நடுவில் நின்று, எனக்கே அந்நியமான ஒரு குரலில் கத்தினேன்:

"சிஸ்டர்! பிள்ள வருது! இப்பவே பாருங்க!"

கூடம் முழுவதும் திரும்பியது. அம்மாவின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "ஐயோ, இவ கத்துறா," என்றார் அம்மா, என்னைவிடச் சத்தமாக. "இவ கத்தவே மாட்டா சிஸ்டர், நெசமாத்தான் இருக்கும்!"

திரைக்குப் பின்னால் சோதித்த தாதி நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "அலமாக்! கர்ப்பப்பை வாய் ஒம்பது சென்டி தொறந்திருக்கு. இதையா நீங்க ஆறுன்னு சொன்னீங்க?"

சக்கரக் கட்டில் ஓடியது. கூடவே அம்மாவும் ஓடினார். பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள். கணவருக்கு அப்போதுதான் செய்தி போயிருந்ததால் அம்மாவே உள்ளே வந்தார்.

அறையில் இருந்த மலாய் மருத்துவச்சி அகன்ற தோள்களும் குறும்புக் கண்களும் கொண்டவர். "தெரான், அடிக், தெரான்!" என்றார். தள்ளு தங்கச்சி, தள்ளு என்கிறார். தள்ளினேன். "ஜாங்கான் அங்காட் புங்கோங்!" இடுப்பைத் தூக்காதே, தூக்கினால் கிழியும். கட்டிலோடு கட்டிலாக இடுப்பை அழுத்திக்கொண்டேன். கத்தியவர் அம்மாதான். ஒவ்வொரு தள்ளலுக்கும் "முருகா! முருகா!" என்று அறை அதிர்ந்தது. மருத்துவச்சி திரும்பிப் பார்த்து, "மாச்சிக், இங்கே பிள்ளை பெறுவது யார்? நீங்களா, இவளா?" என்று மலாயில் கேட்டார். வலியின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அவர் என்னிடம் குனிந்து, கத்தினால் பலமெல்லாம் தொண்டை வழியாகப் போய்விடும், நீ செய்வதுதான் சரி, மூச்சை உள்ளேயே பிடி, கீழே அனுப்பு என்றார். எனக்குத் தெரிந்த வேலை அது. வாழ்நாள் முழுவதும் எதையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துப் பழகியவள் நான். மூச்சை இழுத்தேன், வாயை மூடினேன், என்னிடம் இருந்த அத்தனையையும் ஒரே திசையில் செலுத்தினேன். எரிந்தது. மருத்துவச்சி என் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். விரல்களில் ஈரமான, வெதுவெதுப்பான முடி தட்டுப்பட்டது. என் மகளின் தலை.

இன்னும் ஒரு மூச்சு. தோள்கள் நழுவின. அந்த முழு உடம்பும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டேகாலுக்கு அவள் அழுதாள், எந்தத் தயக்கமும் இல்லாமல், அறையின் எல்லாக் குரல்களுக்கும் மேலாக. அவளை என் மார்பின் மேல் கிடத்தினார்கள். இவளை நான் பெற்றேன் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். தமிழில் சொன்னதைப் புரிந்துகொள்ளாமலே மருத்துவச்சி தலையாட்டினார்.

மாலையில் கணவர் வந்து, தலைக்கவசத்தின் தடம் நெற்றியில் பதிந்திருக்க, மகளின் பாதத்தைத் தொட்டபடி நின்றார். எனக்குத் தூக்கம் அழுத்தியது; நடந்ததைச் சொல்லாமலே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை எங்களை அழைத்துப்போக அவர் வந்தபோது அம்மா கதையைத் தொடங்கிவிட்டிருந்தார். "பாத்தவொடனே எனக்குத் தெரிஞ்சிருச்சு மாப்பிள்ள. இது நெச வலிதான்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

"இல்லம்மா," என்றேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நான்தான் சொன்னேன். யாரும் நம்பல. நான்தான் கார்ல ஏறி ஒக்காந்தேன்."

அம்மா பேத்தியின் துணியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சிரித்தார். "சரிலா, நீதான் சொன்ன. பிள்ள பெத்ததும் வாய் வந்துருச்சு பாரு இவளுக்கு."

கணவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். மகளை அவர் கைகளில் கொடுத்துவிட்டு, அந்த நாளை நான் முதலிலிருந்து சொன்னேன். எதையும் மனத்துக்குள் அடுக்கிப் பார்க்கவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.