முதல் தட்டு

இங்கிலாந்தின் இந்த ஊரில் யாருக்கு என்ன வேலை என்பதைச் சட்டைப் பையின் மேலேயே தைத்துவிடுகிறார்கள். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எழுபதுகளின் நடுவில், நான் பிஸ்கட் ஃபேக்டரியில் சேர்ந்த ஆறாம் வருஷம், பிஸ்கட் தட்டுகள் ஓடிவரும் எங்கள் பெல்ட்டை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மேனேஜர் வெள்ளைக் கோட்டை நீட்டினார். பையின் மேல் சிவப்பு நூலில் ‘ஃபோர்மேன்’. அவருக்கே கூச்சமாகிவிட்டது. மேன் என்றால் ஆண் ஆயிற்றே, பிரித்துவிட்டு ‘ஃபோர்லேடி’ என்று தைக்கச் சொல்கிறேன் என்றார். பேக்கிங் அறையில் ஏற்கெனவே ஒரு ஃபோர்லேடி உண்டு. ஃபோர்மேன் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் அவள் வேலை. ஃபோர்மேன் வேலையைச் செய்யப்போகிற எனக்கு அவளுடைய பெயர் எதற்கு என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொல்லிக் கோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம்தான். மரக்காணத்து உப்பளத்தில் என் அம்மா மேஸ்திரி. அவளுக்கு முன்பு இருந்தவர் ஆண், அவரும் மேஸ்திரிதான். அந்தப் பெயர் வேட்டியும் கட்டியதில்லை, புடவையும் கட்டியதில்லை. உப்பு வாரும் நாளில் மேஸ்திரி முதல் கூடையைத் தன் தலையில் ஏற்றிக் கரையில் கொட்டிய பிறகுதான் மற்றவர்கள் பாத்தியில் இறங்குவார்கள். “நீயே தூக்கணுமாம்மா?” என்று கேட்டிருக்கிறேன். “பின்ன? மேஸ்திரி யாரு, நான்தானே” என்பாள்.

திங்கட்கிழமை பெல்ட் ஓடத் தொடங்கியதும் நான் போய் முதல் தட்டைத் தூக்கி அடுக்கினேன். பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்று நான் சொன்ன விதம் அது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த மேனேஜரோ, கோபத்தில் தட்டு அடுக்கும் பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். பத்து மணிக்குள் கோட்டு இன்னொருவன் மேல் இருந்தது.

நேரே ஆபீசுக்குப் போய், என் அரைகுறை இங்கிலீஷில் உப்பளத்தையும் கூடையையும் சொன்னேன். பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்கும் ஐரீன் பின்னாலேயே வந்து, இவள் எடுத்த பிறகுதான் நாங்கள் எடுத்தோம், இனியும் அப்படித்தான் என்றாள். மேனேஜர் ஆளனுப்பி அந்தக் கோட்டைத் திரும்ப வரவழைத்தார்.

புதன்கிழமை கோட்டு என்னிடம் வந்தது. சிவப்பு நூலைப் பிரித்த ஊசித் துளைகளின் மேலேயே நீல நூலில் ‘சூப்பர்வைசர்’. அதன் பிறகு வந்த ஃபோர்மேன் கோட்டுகளிலும் அதையே தைத்தார்கள். பெருமையாக இருந்தது, இருக்காதா பின்னே.

கோட்டோடு ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா யாரையோ பிடித்துப் பதில் எழுத வைத்திருந்தாள்: “கோட்டுல என்னா எழுதியிருக்குதுன்னு எல்லாரும் கேட்டாங்க. மேஸ்திரின்னு சொல்லிட்டேன்.”

இப்போதும் வாரத்தின் முதல் தட்டு என்னுடையதுதான். கைகள் சூடான பிஸ்கட் தட்டைப் பிடிக்கும்போது, ஷூவுக்குள் கால்விரல்கள் விரிந்து பாத்திச் சேற்றில் ஊன்றப் பார்க்கின்றன.