தீபாவளிக்கு வந்த லாயர்

எனக்கு ஒன்பது வயதானபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலேயே தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் கடிதம் வாசித்தால் கிள்ளான் ரயில்கூட ஊதாமல் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணிமார் எல்லாரும் படித்தவர்கள்தான். வரிசையாகக் கட்டிய எங்கள் ரயில்வே லயத்துப் பதினாறு வீட்டில் நான் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொச்சையாக எழுதியிருப்பதையும் வாசிக்கும்போதே திருத்திவிடுவேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அதிகம் பிளந்தவள் வள்ளியம்மா. ரோட்டு வேலையில் கல் சுமந்தவள். எங்களுக்குப் பக்கத்து அறையில் மகள் புஷ்பவல்லியோடு இருந்தாள். தலையில் கல்கூடை இருந்தாலும் கையை வீசித்தான் நடப்பாள். ஓவர்சியர் அதட்டினால், "கூடையில இன்னும் எடமிருக்கு, நீயும் ஏறிக்க சாமி" என்பாள்.

அந்த வாய் ஒரே ஒரு பேச்சுக்கு மூடிக்கொள்ளும். படகுப் பேச்சு.

அவள் புருஷன் அய்யாவு கிள்ளானுக்கு அப்பால் ஒரு தீவுத் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டினான். அங்கேதான் மூத்த மகனுக்குக் காய்ச்சல் கண்டது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகில்லை. இருந்த ஒரு மோட்டார் லாஞ்சும் துரையோடு போயிருந்தது. அது திரும்பி வந்தபோது ஏற்றுவதற்குப் பிள்ளை உயிரோடு இல்லை. வள்ளியம்மா கைக்குழந்தை புஷ்பவல்லியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "படகில்லாத ஊர்ல இதையும் வாரிக் குடுக்கச் சொல்றியா? ஒனக்குன்னு ஒரு படகு வரட்டும். அன்னிக்கு வரேன்" என்பதுதான் அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

மூன்று வருஷம் ஓடியது. 1930 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வள்ளியம்மா முகத்துச் செம்மண்ணைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

"படிம்மா, டீச்சரு."

நான் கணீரென்று வாசித்தேன். "தீபாவளிக்கு லாயரோடு கிள்ளான் வருகிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுத்துறைக்கு வா."

"லாயருன்னா யாரு?"

"வக்கீலு, அத்தை. கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நிப்பாங்களே, அவங்க."

வள்ளியம்மா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "எம்புள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போக வரான்" என்றாள்.

அன்று மாலையே புஷ்பவல்லியோடு அம்பாங்குக்குப் போய், ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை செய்த சின்னம்மா மாரியாயி வீட்டில் ஒளிந்துகொண்டாள். தீபாவளியன்று பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கக்கூட வெளியே விடவில்லையாம்.

அவள் லயத்துக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து, அய்யாவுகூடத் தோட்டத்தில் மரம் வெட்டிய நாகையா அவளைத் தேடி வந்தான். தீபாவளியோடு தோட்டத்தை விட்டு வந்தவன்.

"ஏன்க்கா வரல? ரெண்டு நாளு படகுலயே குந்திக் கெடந்தான். கோலாலம்பூர் ரயில் வர்றப்பல்லாம் ஸ்டேஷனுக்கு ஓடுவான். புள்ளைக்கு எடுத்த பாவாடை நனையக் கூடாதுன்னு மடியிலயே வச்சிருந்தான்."

"லாயரக் கூட்டிக்கிட்டு வந்தானே?"

"எந்த லாயரு? அட, லாயருன்னா படகுப் பாய் லா! மலாய்க்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க தோட்டத்துல பாய் கட்டுன படகுக்கே லாயருன்னுதான் பேரு. பழைய படகு ஒண்ண வாங்கி, மாவுச் சாக்குல தானே பாய் தச்சான். ஒனக்காகத்தான்."

மறுநாள் காலை வள்ளியம்மா கிள்ளான் ரயிலைவிட வேகமாகக் கிள்ளானுக்கு ஓடினாள் என்று எழுத எனக்கு ஆசை. ரயிலில்தான் போனாள். பெரிய கப்பல்களெல்லாம் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போய்விட்ட பிறகும், சுல்தான் ஊரான கிள்ளானின் பழைய ஆற்றுத்துறைக்குச் சின்னப் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் மாவுச் சாக்குப் பாய் போட்ட படகு ஒன்றும் நின்றது. பாயில் கிழிந்த ஓர் இடத்தில் அவள் விட்டுவந்த சிவப்புச் சேலையின் துண்டை ஒட்டுப் போட்டிருந்தது.

படகில் மலாய்க்காரக் கிழவர் ஒருவர் மீன் கூடை அடுக்கிக்கொண்டிருந்தார். அய்யாவு அவருக்கு விற்றுவிட்டான். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை ஊருக்குப் போகப் பேர் கொடுக்காமல் இருந்தவன் தீபாவளிக்கு மறுநாள் பேர் கொடுத்துவிட்டான் என்றார் கிழவர். கப்பல் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டு மூன்று நாளாகியிருந்தது.

அவன் ஊருக்கு நாலு கடிதம் எழுதினேன், ஒரு பிழையில்லாமல். பதில் வரவில்லை. வள்ளியம்மா இன்னும் பதினெட்டு வருஷம் கல் சுமந்தாள். ஓவர்சியர் அதட்டினால் பேசாமல் நடந்தாள். கையை வீசவில்லை.

பாழாய்ப்போன சொல்! மலாய்க்காரனுக்குப் பாய், இங்கிலீஷ்காரனுக்கு வக்கீல். ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டது.

இதுவரை எழுதி, பக்கத்தில் இருந்த புஷ்பவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. எழுந்து போய், தன் அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"எல்லாம் சரிக்கா. ஆனா சொல்லு மேல பழியப் போடாத. அப்பா 'லாயர்ல வரேன்'னுதான் எழுதியிருக்காரு, இந்தா பாரு. 'லாயரோடு'ன்னு திருத்திப் படிச்சது நீ."